நாச்சுவையும் செவிச்சுவையும்

பழைய மாணவர் சிலர் ஓரிடத்தில் ஒருங்கு கூடினால், உரையாடல் எங்கே தொடங்கினும் ஈற்றில் உணவிலும் பாட்டிலும் வந்து முடிதல் இயல்பு. கேத்திரகணிதம் முற்றாக மறந்து போகலாம். படித்த வகுப்பறை எதுவென்பதும் மறந்து போகலாம். விடுமுறை நாளில் வீட்டில் உண்ட பணியாரமும், அந்நாளில் கோயில் வீதியில் கேட்ட இசையும் மறப்பதில்லை. யூபிலி மலரிலே கல்லூரியின் வரலாறும் பெரியோர் புகழும் முதலிடம் பெறுதல் முறையேயாம். ஆயினும், நம்மை நாமாக்கிய இவ்விரு சுவைகளையும் பற்றிச் சிறிது ஆராய்தல் பொருத்தமற்றதாகாது என எண்ணுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு வாயிலாய் அமைந்தது ஓர் ஆடிப்பிறப்பு நாள். விழா வேலைகளைப் பற்றிப் பேசுவதற்காக நாம் ஐவர் நண்பர் ஒருவரின் இல்லத்திற் கூடியிருந்தோம். சோளகக் காற்று முற்றத்து மாமரத்தை அலைத்துக்கொண்டிருந்தது. நண்பரின் தமக்கையார் பலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, சுடச்சுடக் கூழ் வார்த்துத் தந்தார்.

"இவ்வுலகில் மாறாதது இக்கூழ் ஒன்றே" என்றார், கொழும்பிலே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய நண்பர். அவ்வேளையில் அயலிலுள்ள ஆலயத்தின் ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியது. "கேட்டீரா? நாதஸ்வரம் கேட்ட வீதியில் இப்போது என்ன கேட்கின்றது! நா தப்பிப் பிழைத்தது, செவி கெட்டுவிட்டது" என்று அவர் முடித்தார். ஆசிரியராயிருந்த மற்றொரு நண்பர் இதனை ஒப்பவில்லை. "கூழ் மாறவில்லை என்று உமக்கு யார் சொன்னது? மா எங்கே இடிபட்டது என்று அக்காவைக் கேளும்" என்றார். "இடிக்க உலக்கை எங்கே தம்பி? மில்லில் அரைப்பித்த மா. பனங்கட்டியும் சங்கக் கடையில் வாங்கியது" என்று அக்கா சிரித்தார்.

இவ்விருவருள் யார் கூற்று மெய்? முதலில் உணவை எடுத்து நோக்குவாம்.

நம் பண்டிகை உணவுகள் ஒவ்வொன்றும் நிலத்தையும் காலத்தையும் ஒட்டிப் பிறந்தவை. தை மாதத்திலே காலபோக நெல் அறுவடையாகி வீட்டுக்கு வருகின்றது. ஆகவே முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு, புதுப்பானையிற் பாலும் புத்தரிசியும் பயறும் இட்டுப் பொங்கி, ஞாயிற்றுக்குப் படைக்கின்றோம். தேங்காய் மலிந்த நாடாதலின் நம் பொங்கலிலே தேங்காய்ப்பாலும் இடம்பெற்றது. ஆடியிலே ஞாயிறு தென்றிசை நோக்கித் திரும்புகின்றது என்பது மரபு. ஜூலை நடுவில் வரும் அம்மாதப் பிறப்பிலே கூழும் கொழுக்கட்டையும் ஆக்கி, புதிய காலத்தை இனிப்போடு வரவேற்றனர் முன்னோர். ஆவணியளவிற் பனம்பழம் விழத் தொடங்கும். உடனே பனங்காய்ப் பணியாரத்தின் மணம் ஊரை நிறைக்கும். புரட்டாதியில் நவராத்திரி வந்தால் அவலும் கடலையும் கல்லூரி மண்டபத்துக்கே வந்து சேரும். தீபாவளியை நினைவுகூர்ந்த நண்பரொருவர், ஊரார் சேர்ந்து ஆடொன்றை வாங்கிப் பங்கிட்டுக்கொண்ட செய்தியைச் சொல்லத் தொடங்கினார். அருகிலிருந்த மரக்கறி உணவினர் இருமியதால் அக்கதையை இடையில் நிறுத்தினார்!

இவ்வுணவுகளின் பெயர்கள் இன்றும் உள. ஆயின் ஆக்கும் முறை மாறிவிட்டது. உரலும் உலக்கையும் இருந்த இடத்தில் மில் வந்தது. பனையேறுவார் தொகை குறையவே பனங்கட்டி அரிதாயிற்று, சீனி எளிதாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டுக் காவலரண்களுக்கு மரமாயின. ஊர்விட்டுப் பெயர்ந்தோர் கடல்கடந்து வாழும் நகரங்களில் முற்றமில்லை. தொடர்மாடி வீட்டிலே மின்னடுப்பின்மேற் பொங்கற்பானை அமர்ந்திருக்கின்றது. பணியாரத் தட்டிலே முறுக்குக்கும் பயற்றம்பணியாரத்துக்கும் அரியதரத்துக்கும் பக்கத்தில் கேக்கும் றோல்சும் இடம்பிடித்துக்கொண்டன.

இதனைக் கண்டு வருந்துவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். நாம் மிகப் பழையதெனப் போற்றும் உணவும் முழுதும் பழையதன்று. நம் சமையலின் உயிரெனக் கருதும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். பறங்கியர் கடல்வழி கண்ட பின்னரே கீழைத்தேசங்களுக்கு வந்தது. ஒடியற்கூழிலே நாம் இடும் மரவள்ளிக்கிழங்கும் அக்கண்டத்திலிருந்து வந்ததே. ஆடிக்கூழிலே மட்டும் இன்றுவரை மிளகாய் புகவில்லை. மிளகே ஆட்சி செய்கின்றது. ஆகவே, கொழும்பு நண்பர் கூற்றிலும் ஒரு பாதி உண்மை உண்டு எனலாம்.

இனிச் செவிச்சுவைக்கு வருவாம். வள்ளுவர் கேள்வியைச் செவிக்குரிய உணவாகக் கூறினார். நம் ஊர்களிலே அவ்வுணவும் பண்டிகைக்கேற்பப் பரிமாறப்பட்டது. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்து வைகறையிலே, சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பாடிச் செல்லும் கூட்டத்தார் ஊரைத் துயிலெழுப்புவர். கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறும். ஒருவர் செய்யுளைப் பண்ணோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். தேர்த் திருவிழாவென்றால் தவிலும் நாதஸ்வரமும் இரவைப் பகலாக்கும். இணுவிலும் அளவெட்டியும் இக்கலைக்குப் பெயர்போன ஊர்கள். தவிலிலே தமிழகமும் வியக்கப் புகழ்பெற்ற யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியும் (1933–1975), நாதஸ்வரத்திலே அளவெட்டி என். கே. பத்மநாதனும் நம் வீதிகளில் வாசித்ததைக் கேட்டு வளர்ந்தோர் பலர் இன்றும் நம்மிடையே உளர்.

எனினும் அக்காலத்திலும் யாவரும் ஒருமித்த சுவையினராய் இருந்தாரல்லர். ஆலயங்களிலே பொதுமகளிர் நடனம் நிகழ்தலை ஆறுமுக நாவலர் (1822–1879) கடுமையாகக் கண்டித்தார். திருவிழாவில் எது தகும், எது தகாது என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது என்க. அதன்பின் தென்னிந்திய நாடகக் குழுவினர் கப்பலேறி வந்தனர்; கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இலங்கை மேடைகளிலே பாடினர். அந்த இசைநாடக மரபு நம் மண்ணில் வேரூன்றி, காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டமாய் மலர்ந்தது. அதனைக் காண விடியும்வரை பாய் விரித்துக் காத்திருந்தோர் அனேகர்.

பின்னர் வந்தது சினிமா. 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ் திரைப்படம் சென்னையில் ஒரே படமாளிகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதென்பது பலரறிந்த செய்தி. பண்டிகையும் பாகவதர் பாட்டும் அன்று ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. அப்பாட்டை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது வானொலி. 1925இற் கொழும்பிலே தொடங்கிய ஒலிபரப்பு, 1950இல் வர்த்தக சேவையையும் பெற்றது. இந்திய வானொலி 1952 அளவில் திரையிசையை ஒதுக்கியபோது, அந்நாட்டு நேயர்களும் இலங்கை வானொலியை நாடினர். மயில்வாகனன் குரல் பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஒருசேரக் கேட்டது. இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் கோயிலுக்குள் நுழைந்தபின், சீர்காழி கோவிந்தராஜன், டி. எம். சௌந்தரராஜன், எல். ஆர். ஈஸ்வரி ஆகியோரின் பக்திப்பாடல்கள் திருவிழாவின் அறிவிப்பு மணியே ஆயின. 1970களிலே நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசை இளைஞரை ஈர்த்தது. 1976இல் இளையராஜாவும் 1992இல் ஏ. ஆர். ரகுமானும் திரையிசையைப் புதுவழியில் திருப்பினர். ஒவ்வொரு தலைமுறையும் தன் பாட்டையே பாட்டென்றது. அடுத்த தலைமுறையின் பாட்டை இரைச்சலென்றது.

மிளகாயைப்போலவே இசையிலும் வந்தேறி உண்டு. பிடில் மேனாட்டு வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் முதலானோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை நம் இசைக்குப் பழக்கினர். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைத்தல் அரிது. நாதஸ்வரமும் அன்றிருந்தபடியே இன்றில்லை. சுருதி உயர்ந்த குறுகிய திமிரிக் கருவியின் இடத்திலே, நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாதஸ்வரத்தை நிலைநாட்டியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளை (1898–1956) என்பர். அவர் மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம், 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்தார். சினிமா நாதஸ்வரத்தைக் கெடுத்தது என்போர், அந்தச் சினிமாவே நாதஸ்வரத்தைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இவ்வாறு நாம் இருதிறத்தார் வாதத்தையும் நிறுத்துப் பார்த்து, நாவும் செவியும் ஒருபடித்தாய் மாறின என்னும் முடிவுக்கு வந்த வேளையில், அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த நண்பர் வாய் திறந்தார். அவருடைய மகன் ரொறன்ரோவில் வாழ்கின்றான். அதற்கு முதல்நாள் இரவு அவன் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, நாளைக்கு ஆடிப்பிறப்பு. பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். அம்மா எப்படிக் காய்ச்சுவா?" என்று கேட்டானாம். நண்பரின் மனைவியார் மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. "நாற்பது வருடம் அவள் கையால் வாங்கிக் குடித்தேன். எது முதலில், எது பின்னர், எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதென்று பிள்ளைக்குச் சொன்னேன்" என்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. கொழும்பு நண்பர் இலைக்கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவ்விடத்திலிருந்த நம் ஐவருள் ஒருவருக்கேனும் அக்கேள்விக்கு விடை தெரிந்திருக்கவில்லை.

பின்பு அவர் மேலும் ஒன்றைச் சொன்னார். கூழுக்கு விடை சொல்ல இயலாத வெட்கத்தில், பேரப்பிள்ளைகள் பேச வந்தபோது, முதலாம் வகுப்பிலே காலைப் பிரார்த்தனையிற் பழகிய தேவாரத்தை அவர் பாடினாராம். அறுபது ஆண்டுகளாகியும் ஓரடி பிசகவில்லை. பிள்ளைகள் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டனர். மூன்றாம் முறையில் அவர்களும் உடன் பாடினர்.

நமக்கு அப்போது விளங்கியது இதுவே: அவர் தேவாரத்தைக் கேட்டவர் மட்டுமல்லர்; நாள்தோறும் தம் வாயாற் பாடியவர். கூழையோ உண்டவர் மட்டுமே. உண்டது உடலிற் கலந்து போயிற்று. பாடியது நாவில் நின்றது. ஆகவே, பழையது நிலைக்கும், புதியது அழியும் என்பதும் பிழை; புதியது வந்து பழையதை அழித்தது என்பதும் பிழை. நாம் செய்ததைப் பிறருக்குக் கொடுக்கலாம். பெற்றுக்கொள்ள மட்டும் பழகியதைக் கொடுக்க முடியாது. இது நாவுக்கும் செவிக்கும் பொதுவான நியதியாம்.

"அப்படியானால் நான் படமாளிகையிற் கேட்டுப் பாடித்திரிந்த பாகவதர் பாட்டும் நிலைக்க வேண்டுமே?" என்று ஆசிரிய நண்பர் வினாவினார். ஐயமின்றி நிலைத்திருக்கின்றது, அவரே ஒன்றைப் பாடிக் காட்டினார்! பாட்டு எங்கிருந்து வந்ததென்பதன்று கேள்வி. நாம் அதற்கு வாய் கொடுத்தோமா என்பதே கேள்வி. 1990 தொடக்கம் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை, மின்கலமும் கிடைப்பதரிது. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டோம். ஒருவர் சுழற்றப் பத்துப்பேர் கேட்டனர். கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்தது. அன்று கேட்ட பாடல்களை அத்தலைமுறையினர் இன்றும் மறவாதிருத்தல் வியப்பன்று.

இனி அந்த மகனுக்கு விடை வேண்டுமன்றோ? அக்காவிடம் அளவு கேட்டோம். "கையளவும் கண்ணளவும்தான் தம்பி, வேறென்ன அளவு?" என்றார். விட்டோமல்லோம். மறுநாட் காலை மீண்டும் கூடி, அவர் அள்ளிய ஒவ்வொரு பிடியையும் அடுப்பிலிடுமுன் வாங்கிச் சுண்டினால் அளந்து எழுதிக்கொண்டோம். அவ்வளவு இதுவாம்:

வறுத்த பச்சையரிசிமா ஒரு சுண்டு. வறுத்துக் கோதுபோக்கிய பயறு கால் சுண்டு. தேங்காய் ஒன்று, அதனோடு மெல்லியதாய்ச் சீவிய தேங்காய்ச் சொட்டு ஒரு பிடி. தட்டிய பனங்கட்டி ஒரு சுண்டு. மிளகும் சீரகமும் சேர்த்துப் பொடித்தது ஒரு தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை.

தேங்காயைத் துருவி முதற்பாலைத் தனியே பிழிந்து வைத்தல் வேண்டும். பின்னர்ப் பிழிந்த பாலும் நீரும் சேர்ந்து ஆறு சுண்டு ஆகலாம். அதிலே ஒரு சுண்டை எடுத்து ஆறவைத்து, மீதியிற் பயற்றை அவிக்க வேண்டும். மாவிற் பாதியைச் சுடுநீர் விட்டுப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, பயறு வெந்தபின் ஒவ்வொன்றாக இட்டு, சொட்டையும் சேர்த்து அவியவிடல் வேண்டும். உருண்டை மிதந்தால் வெந்ததென்று கொள்க. மீதி மாவை, ஆறவைத்த பாலிற் கரைத்தே ஊற்றுதல் வேண்டும். சூடான பாலிற் கரைத்தால் மாவின் புறம் வெந்து இறுகி, அகம் காய்ந்தபடி கட்டிபட்டுவிடும். பனங்கட்டியை வேறாகக் கரைத்து வடித்துச் சேர்க்க வேண்டும். கருப்பநீர் புளியாதிருக்க முட்டியிற் பூசும் சுண்ணாம்பு அடியில் தங்கியிருத்தல் கூடும். கைவிடாது துழாவி, கூழ் தடித்தபின் முதற்பாலை விட்டு, ஒரு கொதியில் இறக்குதல் முறை. நெடுநேரம் கொதித்தாற் பால் திரிந்து எண்ணெய் கக்கும். இறக்குமுன் மிளகு சீரகத்தூள் இடுக.

இதனை அன்றே ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். ஆடிப்பிறப்பு ஒருநாள் பிந்திக் கொண்டாடப்பட்டது. கூழ் சிறிது கட்டிபட்டதாம்; ஆயினும் பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்டுக் குடித்தனராம்.

1953இல் மறைந்த நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர், ஆடிப்பிறப்பைச் சிறுவருக்கெனப் பாடிய பாட்டிலே, பயறு வறுப்பது முதல் பலாவிலை பொறுக்குவது வரை கூழாக்கும் தொழிலை நிரல்படச் சொல்லிவைத்தார். அப்பாட்டை நாம் யாவரும் சிறுவயதிற் பாடினோம். அடுக்களைக்குச் சென்று அதன்படி செய்து பார்த்தோமல்லோம். சமையல் பெண்டிர் தொழிலென்று ஒதுங்கிநின்ற நம் அறியாமைக்கு யாரை நோவது? ஆண்பிள்ளைகள் பயிலும் கல்லூரியில் அடுப்புக்கு இடமில்லை என்று எண்ணினோம். அதன் பயனை நண்பர் தொலைபேசியருகே இருந்து அனுபவித்தார்.

ஆதலின் நிருவாகத்தாருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சிறு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஆடிப்பிறப்பன்று மாணவரே பயறு வறுத்து, மாப் பிசைந்து, பலாவிலை கோலி, கூழ் காய்ச்சி ஒருவருக்கொருவர் பரிமாறட்டும். ஒவ்வொரு மாணவனும் கல்லூரியை விட்டு நீங்குமுன் ஒரு பதிகமேனும் பண்ணோடு தனித்துப் பாடப் பழகட்டும். அதன்பின் அவன் எந்நாட்டில் எந்த இசையைக் கேட்டு மகிழினும், நாம் குறைகூற வேண்டியதில்லை. பழைய மாணவராகிய நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. அக்காமார் இன்னும் அடுப்படியில் இருக்கின்றனர். அவர்களிடம் சுண்டோடு சென்று, அளந்து, எழுதி, நாமே ஒருமுறை காய்ச்சிப் பார்ப்போமாக.